கிட் லொக் பிழை: ஃபைலை அழிக்க முதல் ஆளைத் தேடுங்கள்

கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில், ஏற்கெனவே பூட்டு இருக்கிறது என்ற லொக் ஃபைல் பிழை வந்தால் நம்ம பொடியன்கள் எல்லாரும் செய்வது ஒன்றுதான், அந்த ஃபைலை அழித்துவிட்டு வேலையைப் பார்ப்பது. தனியாள் பாவிக்கும் லப்டொப்பில் பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் நாலைந்து பேர் சேர்ந்து எழுதும் ரெப்போவில் (கோடும் அதன் கிட் பதிவுகளும் இருக்கும் போல்டர்), அதுவும் கிழக்கிலங்கையில் கல்லடியிலோ கல்முனையிலோ ஒரு சின்ன ஒபிஸின் மூலையில் இருக்கும் பழைய டெஸ்க்டொப்பையே சேர்வராக வைத்து வேலை செய்யும் இடங்களில், அந்தப் பூட்டு யாரோ ஒருவர் அந்த நேரம் எழுதிக்கொண்டிருப்பதால் போடப்பட்டதாக இருக்கலாம். அதை நீங்கள் அழித்தால் இரண்டு பேர் ஒரே ஃபைலில் எழுதப் போகிறீர்கள். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கிற பிள்ளைகள் குழு ப்ரொஜெக்டை ஒரு ஷெயார் போல்டரில் போட்டு வைத்திருந்தால் அவர்களுக்கும் இதே கதைதான்.

இதைக் கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுக்கு வந்த பிழை எதுவோ அந்த இடத்துக்கு நேரே போகலாம், ஆனால் அடுத்த இரண்டு பந்தியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

கிட் எதையாவது மாற்றி எழுத முதல், அந்த ஃபைலின் பெயரோடு ‘.லொக்’ என்று சேர்த்துப் புதிதாக ஒரு ஃபைலை உண்டாக்கும். ‘இன்டெக்ஸ்’ என்ற ஃபைலை (அடுத்த பதிவுக்கு எடுத்து வைத்தவற்றின் பட்டியல்) மாற்ற வேண்டுமென்றால் ‘இன்டெக்ஸ்.லொக்’. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் உண்டாக்கவே முடியாதபடி கேட்டுத்தான் உண்டாக்கும், அதனால் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு அது கிடைக்காது. புதிய விபரங்களை முழுவதும் லொக் ஃபைலுக்குள்ளேயே எழுதிவிட்டு, கடைசியில் அதைப் பழைய பெயருக்கு மாற்றிவிடும். எழுதும் நடுவில் கரண்ட் போனாலும் பழைய ஃபைல் பெரும்பாலும் அப்படியே இருப்பது இதனால்தான். பாதியில் நின்ற லொக் ஃபைல் மட்டும் மிஞ்சும். பஸ்ஸில் சீட்டுப் பிடிக்க லேஞ்சி போட்டுவிட்டுப் போவது மாதிரி: ஆள் கடைக்குப் போயிருக்கிறாரா, இல்லை இறங்கியே போய்விட்டாரா என்று லேஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியாது, பக்கத்தில் கேட்டால்தான் தெரியும்.

இரண்டாவது, பிழைச் செய்தியின் கடைசிச் சொற்களைப் படியுங்கள். ‘அன்ஏபிள் டு கிரியேட்’ என்ற தொடக்கத்தைப் பார்த்தவுடனேயே எல்லாரும் லொக் பிரச்சினை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வரி முடிவில் ‘ஃபைல் எக்சிஸ்ட்ஸ்’ என்று இருந்தால்தான் அது பூட்டு. ‘பெர்மிஷன் டினைட்’ என்றால் அனுமதிப் பிரச்சினை. ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட்’ என்றால் டிஸ்க் நிரம்பிவிட்டது, அதற்கு இடத்தைக் காலி பண்ணுவதைத் தவிர வேறு வழி தேட வேண்டாம்.

அறிகுறி: உங்கள் மெசினில் கொமிட்டோ (மாற்றத்தைப் பதிவது) அட்டோ (பதிவுக்கு எடுத்து வைப்பது) செய்யும்போது ‘இன்டெக்ஸ்.லொக்’ ஏற்கெனவே இருக்கிறது என்கிறது

முதலில் திறந்து கிடக்கும் விண்டோக்களைப் பாருங்கள். ‘கிட் கொமிட் -ஏ’ என்று கொடுத்தால், கொமிட் செய்தி எழுதுவதற்கு எடிட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க இன்டெக்ஸ் பூட்டியே இருக்கும். அந்த எடிட்டர் வேறொரு விண்டோவுக்குப் பின்னால் மறைந்து கிடக்க, நீங்கள் இன்னொரு டெர்மினலில் இருந்து திரும்பத் திரும்ப முயற்சி செய்துகொண்டிருப்பீர்கள். எடிட்டரை ஒழுங்காக மூடினால் பூட்டும் தானே போய்விடும்.

அப்படி ஒன்றும் இல்லையா, ஓடிக்கொண்டிருக்கும் கிட் ப்ரொசெஸ் ஏதும் உண்டா என்று பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மனேஜரின் ‘டீடெய்ல்ஸ்’ பக்கம், லினக்ஸிலும் மக்கிலும் ‘பிஎஸ் ஆக்ஸ்’ கொடுத்து அதில் கிட் என்று தேடுவது. லொக் ஃபைலை யார் திறந்து வைத்திருக்கிறார் என்று காட்டும் ‘எல்எஸ்ஓஎஃப்’ கொமாண்டையும் ஓட்டலாம், ஆனால் அது வெறுமையாக வந்தால் யாரும் இல்லை என்று எடுத்துவிடாதீர்கள். மேலே சொன்ன எடிட்டர் விஷயத்தில் கிட் லொக் ஃபைலை எழுதி மூடிவிட்டுத்தான் உங்களுக்காகக் காத்திருக்கிறது, அதனால் எல்எஸ்ஓஎஃப் கண்ணுக்கு அது படாது. ப்ரொசெஸ் பட்டியல்தான் நம்பக்கூடியது. ஃபைலின் நேரத்தையும் பாருங்கள். நேற்றுப் பின்னேரம் கரண்ட் போன நேரத்தில் உண்டான ஃபைல், இப்போது கிட் எதுவும் ஓடவில்லை, மெசினும் அதற்குப் பிறகு திரும்ப ஒன் பண்ணியது என்றால் அது செத்த பூட்டுத்தான், சந்தேகம் வேண்டாம்.

ஃபைல் எங்கே இருக்கிறது என்பதிலும் சிலர் குழம்புவார்கள். வேர்க்ட்ரீ (ஒரே ரெப்போவுக்கு இன்னொரு வேலைப் போல்டர்) பாவித்தால் லொக் இருப்பது ‘.கிட்/வேர்க்ட்ரீஸ்’ போல்டருக்குள், சப்மொடியூல் (ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போ) என்றால் ‘.கிட்/மொடியூல்ஸ்’ போல்டருக்குள். தேடி அலையாமல் ‘கிட் ரெவ்-பார்ஸ் --கிட்-பாத் இன்டெக்ஸ்.லொக்’ என்று கொடுங்கள், சரியான பாதையைக் காட்டிவிடும்.

அப்புறம், அழிக்காதீர்கள், நகர்த்துங்கள். ரெப்போவுக்கு வெளியே வேறொரு போல்டருக்கு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘கிட் ஸ்டேட்டஸ்’ கொடுத்துப் பாருங்கள். உங்கள் கோட் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, கடைசியாக நீங்கள் அட் செய்ததில் ஏதாவது ஸ்டேஜில் இல்லாமல் போயிருக்கலாம், திரும்ப அட் செய்தால் சரி. இன்டெக்ஸ் ஃபைலே கெட்டுவிட்டது, அல்லது எதிர்பார்த்ததை விடச் சின்னதாக இருக்கிறது என்று வந்தால், இன்டெக்ஸையும் அதேபோல வெளியே நகர்த்திவிட்டு வெறும் ‘கிட் ரீசெட்’ கொடுங்கள். அது கடைசிக் கொமிட்டில் இருந்து இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டும், உங்கள் ஃபைல்களைத் தொடாது. ‘--ஹார்ட்’ என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள், சேர்த்தால் கொமிட் பண்ணாத வேலை முழுக்கப் போய்விடும். மேர்ஜ் (இரண்டு பக்க வேலையை இணைப்பது) ஒன்றின் நடுவில் நின்றிருந்தால் இந்த ரீசெட் மேர்ஜ் நிலையையும் கலைத்துவிடும், ஆகவே நீங்கள் கையால் தீர்த்த ஃபைல்களை முதலில் வேறிடத்தில் கொப்பி பண்ணி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அறிகுறி: பிழை வருகிறது, திரும்ப அடித்தால் வேலை செய்கிறது

இது பழைய பூட்டே இல்லை. விஎஸ் கோட் போன்ற எடிட்டர்கள் பின்னால் அடிக்கடி ‘கிட் ஸ்டேட்டஸ்’ ஓட்டும், ஸ்டேட்டஸும் இன்டெக்ஸைப் புதுப்பிக்கக் கொஞ்ச நேரம் பூட்டும். நீங்கள் கொமிட் அடிக்கும் கணத்தில் இரண்டும் மோதுகிறது. ரெப்போ பெரிதாக இருந்தால், அல்லது ஹார்ட் டிஸ்க் பழையது என்றால் இது கூடுதலாக நடக்கும். நீங்களே எழுதிய ஸ்கிரிப்டோ டெர்மினல் ப்ரொம்ப்டோ ஸ்டேட்டஸ் ஓட்டுகிறது என்றால் அதில் ‘கிட் --நோ-ஒப்ஷனல்-லொக்ஸ் ஸ்டேட்டஸ்’ என்று மாற்றுங்கள். 2017இல் வந்த 2.15 பதிப்பில் இருந்து இது இருக்கிறது. இங்கே லொக் ஃபைலை அழிப்பது அறவே கூடாது, ஏனென்றால் நீங்கள் அழிக்கப் போகும் பூட்டு உயிரோடு இருக்கும் பூட்டு.

அறிகுறி: புஷ் பண்ணும்போது ‘ரிமோட்’ என்று தொடங்கும் வரியில் ரெஃபைப் பூட்ட முடியவில்லை என்று வருகிறது

புஷ் என்பது உங்கள் கொமிட்களைச் சேர்வருக்கு அனுப்புவது, ரெஃப் என்பது ஒரு பிராஞ்ச் (வேலையின் ஒரு கிளை) எந்தக் கொமிட்டில் நிற்கிறது என்ற குறிப்பு. கவனமாகப் போக வேண்டிய இடம் இதுதான். பூட்டு உங்கள் மெசினில் இல்லை, சேர்வரில் இருக்கிறது. உங்கள் பக்கம் என்ன செய்தாலும் பயனில்லை, ரெப்போவை அழித்துவிட்டுத் திரும்பக் குளோன் பண்ணினாலும் அதே பிழைதான் வரும்.

எந்த லொக் என்று வரியில் பாருங்கள். ‘ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின்.லொக்’ என்றால் மெயின் பிராஞ்ச் மட்டும் மாட்டியிருக்கிறது, மற்றப் பிராஞ்சுகளுக்கு எல்லாரும் புஷ் பண்ணலாம். ‘பாக்ட்-ரெஃப்ஸ்.லொக்’ (பல ரெஃப்களை ஒன்றாக வைத்திருக்கும் ஃபைலின் பூட்டு) என்றால் பிராஞ்ச் அழிப்பது எல்லாருக்கும் நின்றிருக்கும். ரெஃப் பூட்டுக்குக் கிட் இயல்பாக 100 மில்லிசெக்கன் காத்திருக்கும், பாக்ட்-ரெஃப்ஸுக்கு 1 செக்கன், அதற்குப் பிறகுதான் பிழையைச் சொல்லும். ஒரு ரெஃபை எழுதுவது கண்மூடித் திறக்கும் வேலை. ஆகவே பத்து நிமிசத்துக்கு முந்திய நேரம் போட்ட மெயின்.லொக் இருந்து, சேர்வரில் எந்தக் கிட் ப்ரொசெஸும் ஓடவில்லை என்றால், அது பெரும்பாலும் விட்டுப்போன பூட்டு.

எஸ்எஸ்எச் (தூர இருந்து சேர்வரில் லொகின் பண்ணும் முறை) வழியாகப் புஷ் பண்ணும் ரெப்போ என்றால் இதை உறுதி செய்வது சுகம். சேர்வரில் லொகின் பண்ணி, ‘எல்எஸ் -எல்’ கொடுத்து லொக் ஃபைலின் சொந்தக்காரர் யார், எத்தனை மணிக்கு உண்டானது என்று பாருங்கள். பிறகு ப்ரொசெஸ் பட்டியலில் ‘கிட்-ரிசீவ்-பாக்’ (புஷ்ஷை வாங்குவது) அல்லது ‘கிட் ஜிசி’ (ரெப்போவைத் துப்புரவு செய்வது) ஓடுகிறதா என்று பாருங்கள். எழுதுவது எல்லாமே சேர்வரில் ஓடும் ப்ரொசெஸ்தான், ஆகவே அங்கே ஒன்றும் இல்லை என்றால் வேறெங்கும் இல்லை.

சம்பா ஷெயாரில், அதாவது நெட்வேர்க் டிரைவாகத் திறக்கும் போல்டரில் வைத்திருக்கும் ரெப்போ வேறு மாதிரி. அங்கே எழுதும் கிட் ஓடுவது ஒவ்வொருவரின் லப்டொப்பில். சேர்வரில் ப்ரொசெஸ் பட்டியலை எவ்வளவு பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ‘எஸ்எம்பிஸ்டேட்டஸ்’ என்ற கொமாண்ட் யார் யார் இணைந்திருக்கிறார்கள், எந்த ஃபைல் திறந்திருக்கிறது என்று காட்டும், விண்டோஸ் சேர்வர் என்றால் கொம்பியூட்டர் மனேஜ்மென்டில் ‘ஓபன் ஃபைல்ஸ்’ என்ற பகுதி. ஆனால் முன்பு சொன்ன அதே காரணத்தால் அங்கே லொக் ஃபைல் தெரியாமல் இருக்கவும் கூடும். இந்த நிலையில் மிஞ்சுவது ஒன்றுதான், ஆளிடம் கேட்பது. லொக் ஃபைலின் சொந்தக்காரர் பெயரைப் பார்த்துவிட்டுக் கோல் எடுங்கள்: “நானா, நீங்க இப்ப மெயினுக்கு ஏதும் தள்ளிக்கொண்டிருக்கீங்களா? டெர்மினல் திறந்து கிடக்கா பாருங்க.” “இல்ல தம்பி, கரண்ட் போகக்குள்ள பாதியில நிண்டது, மூடிட்டன்.” அவ்வளவுதான், இப்போது எடுக்கலாம். இரண்டு நிமிசக் கோலுக்குப் பஞ்சிப்பட்டு எடுத்துவிட்டு, அந்தப் பக்கம் அவர் உண்மையிலேயே எழுதிக்கொண்டிருந்தால், யாருடைய கொமிட் மெயினில் நிற்கிறது என்று பிறகு எல்லாரும் தலையைப் பிய்க்க வேண்டி வரும்.

நம்ம பக்கம் இது ஏன் அடிக்கடி வருகிறது என்பதற்கும் காரணம் இதுதான். கரண்ட் போனால் லப்டொப் பட்டரியில் ஓடும், ரவுட்டரும் மூலையில் இருக்கும் டெஸ்க்டொப்பும் ஓஃப் ஆகிவிடும். லப்டொப்பில் உள்ள கிட் உயிரோடு இருந்து தன் பூட்டை எடுக்கப் பார்க்கும், ஆனால் ஷெயார் போல்டரையே காணோம், எடுக்க முடியாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். இப்போதும் கார்த்திகை, மார்கழி மாரி மழையில் கரண்ட் வந்து வந்து போகும். சேர்வருக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ் போடுவது இந்தப் பிழையில் பெரும்பகுதியை நிறுத்திவிடும். ரெப்போவைச் சம்பாவில் இருந்து எஸ்எஸ்எச்சுக்கு மாற்றுவது அதை விட நல்லது, அதே பழைய டெஸ்க்டொப்பிலேயே செய்யலாம், காசு ஒன்றும் போகாது. வன்டிரைவ், கூகுள் டிரைவ், டிராப்பொக்ஸ் போல்டருக்குள் ரெப்போவைப் போட்டுப் பலர் பாவிப்பதை நான் எந்த நிலையிலும் சொல்ல மாட்டேன். ஒருவரின் லொக் ஃபைல் மற்றவர்களின் மெசினுக்குத் தாமதமாகப் போய்ச் சேரும், அதுவரை எல்லாரும் பூட்டு இல்லை என்று நினைத்து எழுதுவார்கள்.

அறிகுறி: ‘கனொட் லொக் ரெஃப்’ என்கிறது, ஆனால் லொக் ஃபைல் எங்கேயும் இல்லை

‘.லொக்’ ஃபைலைத் தேடித் தேடிக் களைத்துப்போய்க் கடைசியில் ‘.கிட்’ போல்டரையே அழித்தவர்கள் உண்டு. அந்த வரியின் மிச்சத்தைப் படித்தால் அந்த நிலை வராது.

ஒரு இடத்தில் இருக்கிறது, ஆனால் வேறொரு இடத்தை எதிர்பார்த்தேன் என்ற கருத்தில் ‘இஸ் அட்’, ‘பட் எக்ஸ்பெக்டட்’ என்று இரண்டு நீள எண்களோடு வந்தால், உங்களுக்குச் சற்று முதல் வேறு யாரோ அந்த ரெஃபை நகர்த்திவிட்டார்கள். ஃபெட்ச் பண்ணிவிட்டு (சேர்வரில் உள்ள புதியதை எடுத்துவிட்டு) திரும்பச் செய்யுங்கள். எடிட்டரின் தானியங்கி ஃபெட்சும் நீங்கள் அடித்த ஃபெட்சும் ஒன்றாக ஓடினாலும் இது வரும்.

‘எக்சிஸ்ட்ஸ், கனொட் கிரியேட்’ என்று முடிந்தால் பெயர் மோதல். முன்பு ‘படிவம்’ என்று ஒரு பிராஞ்ச் இருந்தது, அதை யாரோ அழித்துவிட்டு ‘படிவம்/கல்முனை’ என்று புதிதாகப் போட்டார்கள். உங்கள் மெசினில் பழைய பெயர் ஃபைலாக இருக்கிறது, அதே பெயரில் போல்டர் போட முடியாது. ‘கிட் ரிமோட் ப்ரூன் ஒரிஜின்’ கொடுத்துவிட்டு ஃபெட்ச் பண்ணினால் தீரும். விண்டோஸில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் மட்டுமுள்ள இரண்டு பிராஞ்ச் பெயர்களும் இப்படி மோதும். அதற்கு ஒரு பெயரைச் சேர்வரில் மாற்றத்தான் வேண்டும்.

‘ரெஃபரன்ஸ் புரோக்கன்’ என்று வந்தால் கரண்ட் போன நேரம் ரெஃப் ஃபைல் வெறுமையாகிவிட்டது. திறந்து பாருங்கள், 40 எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இருக்காது. ‘ரெஃப்ஸ்/ரிமோட்ஸ்’ போல்டருக்குள் உள்ளது என்றால் அந்த ஃபைலை வெளியே நகர்த்திவிட்டு ஃபெட்ச் பண்ணுங்கள். உங்கள் சொந்தப் பிராஞ்ச் என்றால் ‘.கிட்/லொக்ஸ்/ரெஃப்ஸ்/ஹெட்ஸ்’ போல்டரில் அதே பெயரில் ஒரு ஃபைல் இருக்கும் (இந்த லொக்ஸ் பூட்டு இல்லை, பதிவேடு). அதன் கடைசி வரியில் இரண்டாவதாக இருக்கும் நீள எண்தான் நீங்கள் கடைசியாக நின்ற கொமிட். வெறுமையான ஃபைலை நகர்த்திவிட்டு ‘கிட் அப்டேட்-ரெஃப்’ மூலம் அந்த எண்ணை எழுதுங்கள். சேர்வரில் உள்ள பெயார் ரெப்போவில் (வேலை செய்யும் ஃபைல்கள் இல்லாமல் பதிவுகள் மட்டும் உள்ள ரெப்போ) இந்தப் பதிவேடு இயல்பாக இருக்காது, ஆகவே அங்கே வெறுமையான ஃபைலை நகர்த்திவிட்டு, கடைசிக் கொமிட் யாரிடம் இருக்கிறதோ அவரைப் புஷ் பண்ணச் சொல்லுங்கள். இதற்குப் பிறகு ‘கிட் எஃப்எஸ்சிகே’ (ரெப்போ பழுதா என்று பார்ப்பது) ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், ரெஃப் ஒன்று வெறுமையாகியிருந்தால் வேறு ஒப்ஜெக்ட்களும் வெறுமையாகியிருக்க இடமுண்டு. 2022இல் வந்த 2.36 பதிப்பில் இருந்து ‘கோர்.எஃப்சிங்க்’ என்ற செட்டிங் இருக்கிறது, அதற்கு ‘ஓல்’ என்று கொடுத்தால் கிட் எழுதுவதை எல்லாம் டிஸ்க்கில் உறுதியாகப் பதித்துவிட்டே அடுத்ததுக்குப் போகும். கொஞ்சம் மெதுவாகும். யூபிஎஸ் இல்லாத சேர்வருக்கு அந்த மெதுவைத் தாங்கலாம்.

அறிகுறி: ‘பெர்மிஷன் டினைட்’

பூட்டு இல்லை, பூட்டுப் போடும் உரிமை உங்களுக்கு இல்லை. யாரோ ஒருவர் சேர்வரில் ‘சூடோ’ போட்டுக் கிட் ஓட்டியிருப்பார், அதற்குப் பிறகு சில போல்டர்கள் ரூட்டின் (சேர்வர் நிர்வாகியின்) பெயரில் நிற்கும். எல்லாரையும் ஒரு குரூப்பில் சேர்த்து, ரெப்போ முழுவதையும் அந்தக் குரூப்புக்கு ‘சிஎச்ஜிஆர்பி -ஆர்’ மூலம் மாற்றி, குரூப்புக்கு எழுதும் அனுமதி கொடுத்து, போல்டர்களுக்கு மட்டும் ‘ஜி+எஸ்’ கொடுங்கள், புதிதாக உண்டாகும் போல்டர்களும் அதே குரூப்பில் வரும். அதோடு ‘கோர்.ஷெயார்ட்ரெபோசிட்டரி’ செட்டிங்கை ‘குரூப்’ என்று வையுங்கள். புதிதாக ரெப்போ தொடங்கும்போதே ‘கிட் இனிட் --பெயார் --ஷெயார்ட்’ என்று தொடங்கினால் இவ்வளவும் வேண்டியதில்லை.

அறிகுறி: ஜிசி ஏற்கெனவே ஓடுகிறது என்கிறது

‘ஜிசி.பிஐடி’ என்ற ஃபைல். இதில் மட்டும் மெசின் பெயரும் ப்ரொசெஸ் இலக்கமும் எழுதியிருக்கும், பார்த்தவுடன் ஆள் தெரியும். 12 மணித்தியாலத்துக்கு மேல் பழையது என்றால் கிட்டே அதைப் பொருட்படுத்தாது.

அறிகுறி: ஃபைலை மனிசர் பூட்டியிருக்கிறார்

எல்எஃப்எஸ் (பெரிய ஃபைல்களுக்கான கிட்டின் துணை) பாவித்துப் படங்கள், டிசைன் ஃபைல்களை வைத்திருக்கும் இடங்களில் ‘கிட் எல்எஃப்எஸ் லொக்ஸ்’ என்று கொடுத்தால் எந்த ஃபைலை யார் பூட்டினார் என்று வரும். ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றால் ‘கிட் எல்எஃப்எஸ் அன்லொக் --ஃபோர்ஸ்’. இன்னும் சப்வேர்ஷன் (கிட்டுக்கு முந்திய அதே வகை மென்பொருள்) பாவிப்பவர்களுக்கு: வேர்க்கிங் கொப்பி பூட்டியிருக்கிறது என்று வந்தால் ‘எஸ்விஎன் கிளீனப்’, அது உங்கள் மெசினில் பாதியில் நின்ற வேலையை மட்டும் ஒழுங்குபடுத்தும். மற்றவர் வேண்டுமென்றே போட்ட லொக் அதனால் போகாது, அதற்கு ‘எஸ்விஎன் அன்லொக் --ஃபோர்ஸ்’, சேர்வரில் என்றால் ‘எஸ்விஎன்அட்மின் ஆர்எம்லொக்ஸ்’. அவரிடம் சொல்லாமல் எடுக்காதீர்கள், அவர் அந்த ஃபைலில் அரைநாள் வேலை செய்து வைத்திருக்கக்கூடும்.

இது திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு ஒன்று. கிட் ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்த வேண்டுமென்றால் கன்ட்ரோலும் சியும் அழுத்துங்கள், கிட் அதைப் பிடித்துத் தன் லொக் ஃபைலை அழித்துவிட்டுத்தான் வெளியேறும். டாஸ்க் மனேஜரில் ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்தால், லினக்ஸில் ‘கில் -9’ கொடுத்தால் அதற்கு அவகாசமே கிடைக்காது, பூட்டு மிஞ்சிவிடும். வெறும் ‘கில்’ போதும்.

சிலர் சேர்வரில் ஒரு க்ரொன் வேலை (நேரம் வைத்துத் தானாக ஓடும் கொமாண்ட்) போட்டு, மணிக்கு ஒரு தடவை எல்லா ‘.லொக்’ ஃபைலையும் அழிக்க விட்டிருக்கிறார்கள். பிழை வராமல் இருப்பதால் நல்ல ஏற்பாடு போலத் தெரியும். ஆனால் அந்த வரிக்கு உயிருள்ள பூட்டும் செத்த பூட்டும் ஒன்றுதான், பெரிய ரெப்போவில் ஜிசி ஓடும் நேரத்தில் அது பாக்ட்-ரெஃப்ஸ்.லொக்கை அழித்தால் பிராஞ்ச்கள் பழைய இடத்துக்குப் போய் நிற்கலாம். ‘க்ரொன்டாப் -எல்’ கொடுத்துப் பாருங்கள், அப்படி ஒரு வரி இருந்தால் எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பழைய லொக் ஃபைல்களின் பாதையையும் சொந்தக்காரர் பெயரையும் குழுவுக்கு அனுப்பும் வரி ஒன்றைப் போடுங்கள், பெயரைப் பார்த்தவுடன் அவருக்கே கோல் எடுக்கலாம்.